இரண்டாவது பூணூல்

வருங்கால மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி மடித்து வைத்ததும் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குலை நடுங்கிவிட்டது. பையன் மார்பில் கிடந்த பூணூலில் இரண்டு முடிச்சு.

பிரம்மச்சாரிக்கு ஒரு பூணூல், ஒரு முடிச்சு. கல்யாணமானவனுக்குத்தான் இரண்டு. அந்த இரண்டாவதை வாத்தியார் மந்திரம் சொல்லிப் போட்டுவிடுவதே கல்யாணத்தன்றுதான். ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றிக்கொள்ள அந்தக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது.

கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்கு, தன் கண்ணில் கோளாறு இருந்தால் தேவலையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கோளாறு ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. பையன் மகளோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவன், மகளே பார்த்துச் சொன்னவன். ஜாதகம் பொருந்தவில்லை, குரு பார்க்கட்டும், சனி நகரட்டும் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்தவர் இவர்தான். பெண்ணும் அழுது பார்த்தாள். அப்புறம் ஒருநாள் அழுகையை நிறுத்திவிட்டு, உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது செய்யுங்கள் என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் இவர் மனம் இளகியது.

நல்ல நாளும் அதுவுமாகப் பையன் தனியாக அறையில் கிடந்து என்ன செய்வான், இங்கேயே பூணூல் மாற்றிக்கொண்டு வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கூப்பிட்டவரும் இவரே.

சரி, அவசரப்படக் கூடாது என்று தன்னை அடக்கிக்கொண்டார். இந்தக் காலத்துப் பையன், விவரம் தெரியாமல் கடையில் கொடுத்ததை மாட்டிக்கொண்டிருப்பான். புதுப் பூணூல் கொடுத்துக்கொண்டே வாத்தியார் வரிசையில் வந்தார். பிரம்மச்சாரிதானே என்று மாப்பிள்ளையின் கையில் ஒன்றை வைத்தார். மாப்பிள்ளை எக்கி அவர் காதைக் கடித்தான். வாத்தியார் ஒரு நொடி விழித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

கடைக்காரருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு சொன்ன மந்திரம் எதுவும் காதில் ஏறவில்லை. எவளோ ஒருத்தி கைக்குழந்தையோடு மணமேடை முன்னால் வந்து நிற்கிறாள், மகள் மாலையும் கழுத்துமாக விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அதுவே திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்கலாம் என்றால் படுபாவி சட்டையும் போட்டிருக்கவில்லை. நாலு பேர் நடுவில் கத்தினால் கெடப்போவது மகளின் பெயர்.

சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை நேரே வந்து இவர் காலில் விழுந்தான். நன்றாக இரு என்று சொல்ல வந்தவர், எழுந்திரு என்று மட்டும் சொன்னார்.

"என்ன மாமா, இப்படி வேர்த்துக் கொட்டுது? உடம்பு சரியில்லையா?" என்று அவன் அக்கறையாகக் கேட்டான்.

என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். புழுக்கம் என்று சொல்லிச் சமாளித்தார்.

பந்தியில் வடையும் அப்பமும் இலையில் ஆறிக் கிடந்தன. எதிர் வரிசையில் மாப்பிள்ளை ரசித்துச் சாப்பிட்டான். மகள் பாயச வாளியோடு வந்து, அவன் போதும் போதும் என்று கையை நீட்டியும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கடைக்காரரால் பார்க்க முடியவில்லை. இனியும் தாங்காது என்று எழுந்து, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார்.

"கண்ணு, மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேளு. அந்தப் பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

வாளி மகளின் கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. யார் சொன்னது என்று கேட்டாள். இவர் இரண்டு முடிச்சையும், வாத்தியாரிடம் அவன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதையும் சொன்னார்.

"அவருக்குச் சாமி முன்னாடி பொய் சொல்ல வராதுப்பா," என்று அவள் முணுமுணுத்தாள்.

இன்னமும் அவனுக்குப் பரிந்து பேசுகிறாளே என்று இவருக்கு ஆற்றாமையாக இருந்தது. பத்திரிகை போனால் போகட்டும், கல்யாணத்தை நிறுத்திவிடலாம், அப்பா இருக்கிறேன் என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தடவத் தடவ இவருக்கே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கழுத்தை நீட்டின அந்தப் பொண்ணும் பாவம்தானே. அவளைப் பெத்தவனுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. அந்த ஆளு எங்க இருந்தாலும் நானே தேடிப் போய்ச் சொல்லப்போறேன்."

மகள் அவர் கையைத் தன் தலையிலிருந்து எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேயும் போக வேண்டாம்ப்பா. அந்தப் பொண்ணு நான்தான்."