அளவு ஜாக்கெட்

பச்சையம்மாள் அளவு ஜாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சித்தாள் வேலையில் சேலைமேல் புருஷன் சட்டையை மாட்டிக்கொள்வாள். ஆபரேஷனில் இடது மார்பை எடுத்தது யார் கண்ணிலும் படாது. மகள் கல்யாணத்தில் சட்டை போட முடியுமா?

"இடது பக்கம் உள்ள பை வெச்சுத் தெச்சுடறேன்கா. பஞ்சு அடைச்சுக்கினா அண்ணாமலையாருக்கே தெரியாது," என்றாள் தேரடித் தெரு டெய்லர் மரகதம்.

"அவருக்குத் தெரிஞ்சாப் பரவால்ல. சம்பந்தியம்மாவுக்குத் தெரியக் கூடாது. சீக்கு வூட்டுப் பொண்ணுன்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க."

"எங்கிட்ட வந்தா மூச்சு வெளிய போவாதுக்கா. இதைப் பாரு, இதுவும் அப்படித்தான்."

தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றை மரகதம் உள்பக்கம் புரட்டிக் காட்டினாள். வலது பக்கம் பை.

பச்சையம்மாளின் கண் துணியிலேயே நின்றது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கடை கடையாக ஏறி இறங்கித் தேடி, நிச்சயத்தன்று சம்பந்தியம்மாவுக்குப் புடவையோடு தன் கையால் வைத்துக் கொடுத்த துணி.

"இது யாருதும்மா?"

"பேரைச் சொல்ல மாட்டேன்கா. பையன் கல்யாணமாம். பொண்ணு வூட்டுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போனாங்க."