ஜெமெலி நின்ற மேடு

அன்றைக்கும் கடைசி மேடு தொடங்கும் இடத்தில் ஜெமெலி நின்றுவிட்டாள்.

"முட்டி இழுக்குது. நீ போ," என்று கையைக் காட்டினாள்.

செசாங் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். முட்டி வலிக்கிறவள் முட்டியைத் தொடவே இல்லை. இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, இவள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதமாக வியாழக்கிழமைதோறும் இதே கதைதான். இருபது கிலோமீட்டர் கூடவே ஓடி வருவாள். மேடு வந்தால் முட்டி வலி வந்துவிடும்.

இட்டென் ஊரில் ஜெமெலியைத் தெரியாதவர்கள் கிடையாது. அரை மாரத்தானில் இரண்டு தடவை நாட்டுக்காக ஓடியவள். அவளோடு சேர்ந்து ஓட வேண்டும் என்று எத்தனையோ பெண்கள் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். தலையாட்டியதே இல்லை. ஒரு பெரிய போட்டியில்கூட ஓடாத செசாங்கை மட்டும் வீடு தேடி வந்து கூப்பிட்டாள்.

அப்போது செசாங்குக்குத் தலைகால் புரியவில்லை. அறைத்தோழி லோர்னாதான் கேட்டாள்.

"ஆடு நனையுதேன்னு கழுதைப்புலி அழுமாடி?"

நாட்டு அணியில் இருப்பது மூன்றே இடம். தேர்வுப் போட்டியில் இவளும் ஓடப் போகிறாள், அவளும் ஓடப் போகிறாள். அப்புறம் எதற்கு இந்தப் பாசம்? லோர்னா சோளமாவு உகாளிக் களியைக் கிண்டிக்கொண்டே, அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"உன் பலம் மொத்தமும் அவளுக்குத் தெரியும். அவ பலம் உனக்கு என்ன தெரியும்? வாரா வாரம் மூடி வச்சுக்கிட்டுல்ல நிக்கறா."

அது மனசில் முள்ளாகத் தைத்தது. அதன்பிறகு ஜெமெலி எது செய்தாலும் கோணலாகவே தெரிந்தது. மேட்டில் கையை எப்படி வீசுகிறாய் என்று ஒருநாள் கேட்டாள். எத்தனை அடிக்கு ஒரு மூச்சு விடுகிறாய் என்று இன்னொரு நாள் கேட்டாள். முந்தின நாள் என்ன சாப்பிட்டாய் என்பதுவரை விசாரித்தாள். நாட்டுக்காக ஓடியவளுக்கு நேற்று வந்தவளிடம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? வேவு பார்ப்பது தவிர?

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது செசாங் ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் மூடி வைத்தால் நானும் மூடி வைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை மழை பெய்து, செம்மண் பாதை சேறாகக் கிடந்தது. மேடு வந்தது. செசாங் வேண்டுமென்றே காலை இழுத்தாள். மூச்சு வாங்குவதுபோல வாயைத் திறந்துகொண்டாள்.

ஜெமெலி அன்று நிற்கவில்லை. பக்கத்திலேயே ஏறினாள். உச்சிவரை தோளோடு தோளாக வந்து சேர்ந்தாள்.

மேலே வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். செசாங்கின் முதுகில் தட்டினாள். வீட்டுக்குக் கூட்டிப்போய் தன் கையால் பால் டீ போட்டுக் கொடுத்தாள்.

லோர்னாவிடம் சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். "உன்னைக் கசக்கிப் பிழிஞ்சு முடிச்சாச்சுன்னு சந்தோஷம். டீ என்ன, ஆட்டையே அடிச்சுப் போடுவா."

அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் அப்படியே நடந்தது. செசாங் திணறுவதுபோல நடித்தாள். ஜெமெலி கூடவே ஏறினாள். சிரித்தாள்.

எல்டொரெட்டில் தேர்வுப் போட்டி. தொடங்கியதுமே ஜெமெலி முன்னால் பாய்ந்துவிட்டாள். அப்படி ஒரு வேகத்தை அவளிடம் யாருமே எதிர்பார்க்கவில்லை. 'வெளியே வந்துடுச்சு பார், இத்தனை நாள் ஒளிச்சு வச்சது' என்று நினைத்துக்கொண்டு செசாங் பல்லைக் கடித்தாள்.

பதினாலாவது கிலோமீட்டரில் ஜெமெலியின் கால் தள்ளாடியது. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். செசாங்கும் தாண்டினாள், திரும்பிப் பார்க்காமல்.

செசாங் இரண்டாவதாக வந்தாள். ஜெமெலி ஒன்பதாவது.

முப்பத்தி நாலு வயது. இனி அவளுக்கு அணி கிடையாது என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஜெமெலி புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாக்கின் நுனியில் நாலு வார்த்தையோடுதான் செசாங் அவள் முன்னால் போய் நின்றாள். ஜெமெலி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ரொம்ப சந்தோஷம். உன்னால முடியும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்னிக்கு அக்கா?"

"பள்ளத்தாக்கு ரோட்டுல நீ தனியா ஏறிட்டிருந்த. அந்த ஏத்தத்துல உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. என்னைவிட நல்லா ஓடறவகூட ஓடினாத்தான் எனக்கு இன்னொரு வருஷம் கிடைக்கும்னு தோணுச்சு. அதான் வீடு தேடி வந்தேன்."

செசாங்கின் பார்வை ஜெமெலியின் முட்டிக்குப் போனது.

"முட்டி வலியெல்லாம் சும்மா. மேட்டுல உன்னோட ஏற முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஜெமெலி இரண்டு ஷூவையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"கடைசி மூணு வாரம் மேடு ஏற நேரம் என்னமோ கூடுதலாத்தான் கடிகாரம் காட்டுச்சு. சேறுதான் காரணம்னு நினைச்சேன். உன்கூடவே உச்சி வரைக்கும் வந்துட்டேனே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்தத் தைரியத்துலதான் இன்னிக்கு முன்னால போனேன்."