கேப்டனின் அம்மா

மூன்றாவதும் கடைசியுமான பகுதி ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஹில்க்கா பெரும்பாலும் கண்ணை மூடியே இருந்தாள். தீரா அணியின் நீலக் கம்பளித் துண்டு அவள் கழுத்தை இறுக்கிச் சுற்றியிருந்தது. கோத்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"விடாத, வேண்டிக்கோ," என்றார் பக்கத்து இருக்கை வெய்யோ. "இன்னும் ஆறு நிமிஷம்தான். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். கடவுளுக்கு ஹாக்கி தெரியுமோ என்னவோ, இத்தனை நாள்ல உன் குரலாவது பழகியிருக்கும்."

காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் இதே இருக்கைகள்தான். வெய்யோவுக்குத் தீரா என்றால் உயிர். ஹில்க்காவுக்கோ, கீழே பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டிருந்த கேப்டன் இல்மாரி, பெற்ற பிள்ளை.

அந்த வருடம் ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அக்டோபரில் மட்டும் தொடர்ந்து பதினோரு தோல்வி. கிறிஸ்துமஸுக்கு முன்பே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேக்கரிக்காரி, ஆட்டக்காரர்களுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி கிடையாது என்று கடை வாசலிலேயே எழுதி ஒட்டினாள்.

ஜனவரியில் ஒரு தடியன் மோதியதில் இல்மாரியின் தலை கண்ணாடித் தடுப்பில் இடித்தது. மூன்று வாரம் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பினான். அவன் வந்ததும் அணிக்கு உயிர் வந்தது. அடுத்த பதினான்கு ஆட்டங்களில் பன்னிரண்டு வெற்றி.

இன்று இந்த வடக்கத்தி அணியை ஜெயித்தால் அடுத்த சுற்று. அதில் குறைந்தது நான்கு ஆட்டங்கள், அதுவும் முரட்டு ஆட்டங்கள். தோற்றால் சீசன் இன்றோடு முடிந்தது.

"நேத்து உன் பையனைக் கடையில பாத்தேன்," என்றார் வெய்யோ. "வெளியில பனி கொட்டுது, சூரியனைப் பாத்து ஒரு வாரம் ஆச்சு. இவன் என்னடான்னா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்கறான். நாலு ஆட்டம் ஜெயிச்சதும் சினிமா நடிகன்னு நினைப்பு வந்துடுச்சு."

ஹில்க்கா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

கீழே தீரா ஆட்டக்காரன் ஒருவன் அடித்த ரப்பர் வட்டு கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அரங்கமே தலையில் கை வைத்தது. ஹில்க்கா நீளமாக மூச்சு விட்டாள்.

"போச்சு, அரை அங்குலம்," என்று முனகினார் வெய்யோ. "நீ பயப்படாத. இல்மாரி இருக்கற வரைக்கும் நம்ம கோலுக்குள்ள எதுவும் போகாது. வட்டு எங்க வருதோ அங்க உடம்பைப் போட்டுடுவான் உன் புள்ள."

கடைசி நிமிடம். வடக்கத்தி ஆட்டக்காரன் ஒருவன் வட்டைத் தள்ளிக்கொண்டு நேராக வந்தான். அவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே இல்மாரி ஒருவன்தான்.

"படு, இல்மாரி, படுடா," என்று நாலாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஹில்க்கா கண்ணைத் திறந்துவிட்டாள்.

எதிராளி மட்டையை ஓங்கினான். இல்மாரி ஒரு முழங்காலைப் பனியில் ஊன்றினான். வட்டு முக உயரத்துக்கு எழும்பியது. சட்டென்று அவன் தலையைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினான். வட்டு அவன் காதோரமாகப் பறந்து, கோல்கீப்பர் கை நீட்டுவதற்குள் கோலுக்குள் விழுந்தது.

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பயந்தாங்கொள்ளி. கேப்டனாம் கேப்டன்."

முடிவுச் சங்கு ஊதியபோது வெய்யோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "விலகிட்டானே, ஹில்க்கா. உன் புள்ளையா விலகினான்? நீ இவ்வளவு வேண்டியும் சாமி கேக்கலையே."

அவள் கண்களில் தாரை தாரையாக நீர் வழிந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில் இல்மாரி தனியாக உட்கார்ந்திருந்தான். சறுக்குக் காலணியைக்கூட அவிழ்க்கவில்லை. சக ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருவனும் தோளைத் தொடவில்லை.

"போயிடும்மா," என்றான் நிமிராமல். "யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

ஹில்க்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினாலு வருஷமா ஒரு தடவைகூட நான் விலகினதில்ல. இன்னிக்கு, ஊரே பாக்கறப்போ..." அவன் குரல் உடைந்தது. "வெளிச்சம் பட்டாலே கண்ணு கூசுதுன்னு கிளப்புக்குத் தெரியாம நாம பாத்துட்டு வந்தோமே, அந்த டாக்டர். தலையில இன்னும் ஒரு அடி பட்டா என் பொண்ணு லூமியைக்கூட எனக்கு அடையாளம் தெரியாதுன்னாரே. சும்மா மிரட்டறார்னு சிரிச்சேன். சீசன் முடியற வரைக்கும் வெளியில சொல்லக்கூடாதுன்னு உன்கிட்ட சத்தியமும் வாங்கினேன்."

"ஆமாம்."

"வட்டு முகத்துக்கு நேரா வந்தப்போ லூமிதாம்மா கண் முன்னாடி நின்னா. என்னையறியாம விலகிட்டேன்."

அவன் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ மேல கண்ணை மூடி வேண்டிக்கிட்டே இருந்ததைப் பாத்தேன். உன் வேண்டுதலையும் பாழாக்கிட்டேனே."

ஹில்க்கா வியர்வையில் நனைந்த அவன் தலையை மெதுவாகத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நாம தோக்கணும்னுதான்டா வேண்டிக்கிட்டேன்."