மூடாத உப்பு

வானிலை நிலையத்தின் மாடி ஜன்னலில் நிற்கிறாள் அவள். எதிரே சித்தப்பாவின் உப்பளம் வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. அப்பாவுடைய அளம்; அவர் குழிமண் காய்வதற்குள் சித்தப்பா வளைத்துப்போட்டது. குவியல்களின் மேல் தார்ப்பாய் இல்லை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால், கணினித் திரையில், எங்கோ நடுக்கடலில் மாதக்கணக்காய்க் குந்தியிருந்து மழைக்காற்றை வடக்கே விரட்டிய உயர் அழுத்தம் இடம்பெயர்ந்துவிட்டது. காற்று வளைந்து இந்தக் கரைக்கு இறங்குகிறது. காலையிலேயே அவரை அழைத்து, "சித்தப்பா, சாயங்காலம் மழை வரும், உப்பை மூடிடுங்க" என்று சொல்லிவிட்டாள். "வெயில் மண்டையைப் பிளக்குது. அள்ளுற வேலையைக் கெடுக்கப் பாக்குறியா? ரேடியோவில மழைன்னு சொன்னதும் உன் கைவேலைதானே!" என்று சிரித்தார் அவர். இப்போது ஜன்னல் திரைச்சீலை திசைமாறி உள்ளே உப்புகிறது. ஈரவாடை. பக்கத்து மேஜைக்காரன் பதறித் தொலைபேசியை எடுக்கப் போகிறான். "அக்கா, நான் பேசட்டுமா? நான் சொன்னா நம்புவாரு." அவள் கை முந்திக்கொண்டு தொலைபேசியின் மேல் அழுந்துகிறது. "தெரியும். அதனாலதான் நானே சொன்னேன்."