தாடைகளின் வரிசை

மேசையில் நான்கு கீழ்த்தாடைகளை வரிசையாக வைத்திருந்தேன். உடும்பு, நாய், பன்றி, குரங்கு.

உடும்பின் தாடையில் பல எலும்புகள். முலையூட்டிக்கு ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் சிறுத்துச் சிறுத்துக் காதுக்குள் போய்விட்டன. மூஞ்சூறு அளவிலிருந்த ஆதி முலையூட்டிகளை அதை வைத்துத்தான் இனம் பிரித்தார்கள் என்று வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினேன். பாதி வகுப்பு நித்திரை. உயர்தரம் படிக்கிற லட்சணம் அது.

கௌசலா மட்டும் குரங்கின் தாடையைக் கையில் எடுத்தாள். உதட்டுக்குக் கீழே தன் நாடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு எலும்பில் அதே இடத்தைத் தடவினாள்.

"சேர், நாடி மனுசருக்கு மட்டும்தான் எண்டு போன கிழமை சொன்னனீங்கள். இதுக்கும் இருக்கு."

எலும்பில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன், என் கையெழுத்துத்தான்.

போர் முடிந்து மீளக் குடியேறி வந்த வருடம் இந்த ஆய்வுகூடத்துக்குக் கூரைகூட இல்லை. மாதிரிகள் வரும், வரும் என்று பார்த்துக் கண் பூத்துப்போய் நான்தான் பிள்ளைகளிடம் சொன்னேன், வளவுக்குள் வயலுக்குள் என்ன எலும்பு கிடந்தாலும் கொண்டு வாருங்கள் என்று. கொண்டு வந்தார்கள். கழுவினேன், காயவைத்தேன், சீட்டு எழுதி ஒட்டினேன். வேறெந்த ஊர் வாத்தி இப்படியொரு வேலை செய்வான்?

இது சின்னதாக இருந்தது. குரங்கு என்று எழுதினேன். எழுதும்போது கை ஏன் ஒரு கணம் நின்றது என்று நான் என்னையே கேட்கவில்லை.

கௌசலா அதைச் சாய்த்துப் பார்த்தாள். பால்பற்கள். ஒன்று விழுந்த குழிக்குள் அடுத்த பல் எட்டிப் பார்த்தபடி இருந்தது. முலையூட்டி ஒருமுறைதான் பல் மாற்றும். அதற்குக்கூட இதற்கு நேரம் கிடைக்கவில்லை.

குரங்கு இல்லையென்றால், இத்தனை வருடமும் நான் ஒரு பிள்ளையை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். வீதியோரப் போராட்டக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அதைத் தேடியபடி இருக்கிறாள். நானோ வருடம் தவறாமல் அதைப் பார்த்துப் படம் கீறச் சொல்லிப் புள்ளி போட்டிருக்கிறேன்.

கௌசலா நல்ல பிள்ளை. சேர் பிழை விட்டிருப்பார் என்று நம்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"வேற குரங்குத் தாடை இருந்தால் ஒத்துப் பாக்கலாம், சேர்."

அலுமாரியின் கீழ்த் தட்டுக்குத் தனிப் பூட்டு. சாவி வீட்டில் என்றேன்.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கீழ்த் தட்டில் ஒரு பிஸ்கட் பெட்டி நிறையச் சின்னத் தாடைகள் இருந்தன. எல்லாவற்றிலும் குரங்கு என்றுதான் எழுதியிருந்தேன்.