செபஸ்தியாரின் முகம்

“சிரிக்காதே தம்பி! உடம்பெல்லாம் அம்பு தைச்சவன் மூஞ்சியா இது?” என்று தூரிகையை ஆட்டினார் ஓவியர் ஸ்தனிஸ்லாஸ்.

சாந்தோமில் அவர் வீட்டுக் கூடம். கோயில் திருவிழாவுக்கு, அம்பெய்து வதைக்கப்பட்ட புனிதர் செபஸ்தியாரின் படம் வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சட்டையில்லாமல் தூணில் கட்டுண்டு நின்றவன் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஞானதாஸ். அகன்ற மார்பு, உருண்ட தோள், எல்லாம் பொருத்தம். முகத்தில்தான் பண்டிகைக் களை.

இருக்காதா பின்னே? அவர் மகள் ஐரினைப் பெண் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? அதற்காகவே நிற்கச் சம்மதித்தான். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“இத்தாலிக்காரன் படத்தப் பாரு!” சுவரில் ஒட்டிய அச்சுப் படத்தைக் காட்டிக் குதித்தார். “அம்பு தைச்சிகினு கீது, ஆளு குனியல, அழல. நெஞ்ச நிமித்திகினு நிக்கிறான். வலி மொத்தமும் கண்ணுல! ஆம்பள படுற கஷ்டத்த அப்படித்தான்யா காட்டணும்!”

“அழுவுற பசங்கள அதட்டித்தான் சார் எனக்குப் பழக்கம்.”

அவர் சாயம் குழைத்தபடியே பேசினார். “சேதி தெரியுமா? நம்ம ஐரினுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. நாளைக்குப் பூசையில முதல் கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கே அறிவிக்கிறாங்க.”

ஞானதாஸின் சிரிப்பு மறைந்தது. இவர் முன்னால் அழுதால் மானம் போய்விடும். தோளை நிமிர்த்தினான். கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“ஆஹா! அதான்! அசையாதே!” தூரிகை பறந்தது. யுத்த காலத்தில் கிடைப்பதற்கு அரிய சீமைச் சாயம் வேட்டியில் கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“மாப்பிள்ளை... யாரு சார்?”

“மூச்! வாயத் திறந்தா முகம் கெட்டுடும்.”

வெளிச்சம் மங்கும்வரை இந்தச் சித்திரவதை நடந்தது. உள்ளேயிருந்து ஐரினின் சிரிப்பு வேறு. நிஜ அம்பே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கடைசியில் ஸ்தனிஸ்லாஸ் ஓடிவந்து கட்டை அவிழ்த்தார். “மன்னிச்சுக்கப்பா. இந்த மூஞ்சிக்காகத்தான், படம் முடியறவரை உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு உங்க அப்பாவுக்கும் சொல்லி வச்சிருந்தேன்” என்றவர், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

“ஐரின், படம் முடிஞ்சுது! மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா!”