ஏனோதானோ

தாலுகா ஆபீஸ் மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை. குத்தகைப் பதிவுச் சட்ட நோட்டீஸ் சுவரில் பழுப்பேறித் தொங்குகிறது. அதன் கீழே காத்தாயி காலையிலிருந்து கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். நிலத்தைத் திருப்பிக் கேட்கும் மிராசுதாரின் மனுவைக் குமாஸ்தா கொட்டாவியோடு வாசிக்கிறார்: "மேற்படி குத்தகைதாரர் ஏனோதானோவென்று சாகுபடி செய்வதால்…" காத்தாயி நிமிர்கிறாள். அவள் கால்விரல் இடுக்கில் நேற்றைய நடவுச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. "ஏனோன்னு எடுத்து, தானோன்னு ஊனிட்டுப் போறவன் வேலைக்குல்லங்க அந்தப் பேரு? சாஞ்ச நாத்தை ஒண்ணொண்ணா நிமித்தி விட்டவ நான். வந்து வயலைப் பாருங்கய்யா."

அதிகாரி தலை தூக்கவில்லை. "வாய்தா, அடுத்த மாசம் பதினெட்டு." இது ஆறாவது வாய்தா. படிக்காமலே கையெழுத்துப் போட்டு, வழக்குத் தாள்களின் கட்டைத் தூக்கிக் கோப்பு அடுக்கின் மேல் எறிகிறார். அது சரிந்து விழுகிறது. நாடா அவிழ்ந்து தாள்கள் தரையெங்கும் சிதறுகின்றன. யாரும் அசையவில்லை. காத்தாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முந்தானையால் தூசி துடைத்து, நாற்று முடி கட்டுவதுபோல அடியைத் தட்டிச் சமமாக்கி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுகிறாள். மேலே இருப்பது மிராசுதாரின் ஊதா மசிக் கையெழுத்துள்ள மனுதான். மடங்கியிருக்கும் அதன் முனையையும் நீவிவிடுகிறாள்.